வௌவால்களின் வைரஸ்கள்: பெயரிடுதல் மட்டும் போதுமா?

வனங்களிலும் குகைகளிலும் ஊர்ப்புற மரங்களிலும் வாழும் வௌவால்களின் உடலில் எவ்வகை வைரஸ்கள் உறைகின்றன எனத் தேடிக் காண்பதும், கண்டவற்றை முறைப்படி வகுத்துப் பெயரிடுவதும் கடந்த முப்பது ஆண்டுகளில் உயிரியலின் தனித்ததொரு துறையாகவே வளர்ந்துள்ளன. 1994இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஹெண்டிரா நோய், 1998-99இல் மலேசியாவைத் தாக்கிய நிபா நோய், 2002-03இல் சீனாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவி 774 உயிர்களைக் கொண்ட சார்ஸ் நோய் ஆகிய மூன்றின் வைரஸ்களும் வௌவால் இனங்களோடு தொடர்புடையன எனத் தெளிவான பின்னர், இத்துறைக்கு உலகெங்கும் பெரும்பொருள் ஒதுக்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பெயர்கள் பட்டியலில் ஏறி வருகின்றன.

இவ்வளர்ச்சி வரவேற்கத் தக்கதே. ஆயின், பட்டியல் நீள்வதனாலேயே அடுத்த கொள்ளைநோய் தடுக்கப்பட்டுவிடுமா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இது ஆய்வுக்கூடத்தாரோடு நின்றுவிடும் வினா அன்று. பொதுப் பணம் எவ்வழியிற் செலவிடப்படல் வேண்டும், களத்தில் மாதிரி எடுப்போரின் உழைப்பு எதற்குப் பயன்படல் வேண்டும், ஊரார்க்கும் மாணவர்க்கும் வௌவாலைப்பற்றி எதனைச் சொல்லல் வேண்டும் என்பன யாவும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தவை.

வகைப்பாடு உயிர் காக்கும் கருவி

பெயரிடுதல் வெறும் ஏட்டுவேலை என எண்ணுவோர்க்கு மலேசிய நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்தோர் மூளை அழற்சிக்கு ஆளாயினர். அது கொசுக்களாற் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொள்ளப்பட்டது. கொசு மருந்து புகைக்கப்பட்டது, தடுப்பூசியும் இடப்பட்டது. நோயோ அடங்கவில்லை. தடுப்பூசி பெற்றவர்களும் வீழ்ந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இந்நோயோ பன்றிகளை நேரிற் கையாண்ட வயது வந்தோரையே தேர்ந்தெடுத்தாற்போலத் தாக்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கா பிங் சுவா என்னும் வைரஸ் இயலாரும் அவருடைய குழுவினரும் நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தனர். ஹெண்டிரா வைரஸுக்கு எனச் செய்யப்பட்டிருந்த எதிர்ப்பொருள்கள் அதனோடு வினைபுரிந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் சில குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ் முறையாக ஆராயப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்ததனாலேயே, புதிய வைரஸின் உறவுமுறை விரைவிற் புலனாயிற்று.

அக்கொள்ளைநோயில் மலேசியாவில் மொத்தம் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. தவறான பெயர் தவறான மருத்துவத்திற்கு வழிகாட்டியது. சரியான பெயர் நோய் எங்கிருந்து வந்தது என்பதனைக் காட்டிற்று. ஹெண்டிராவின் ஓம்புயிர் பழந்தின்னி வௌவால் என்பது முன்னரே தெரிந்திருந்தமையால், ஆய்வாளர்கள் மலேசியாவிலும் அவ்வௌவால்களையே முதலில் நாடினர். பின்னர் தியோமான் தீவில் அவற்றின் தங்கிடங்களின் கீழ்ச் சேகரித்த சிறுநீரிலிருந்து நிபா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது.

இந்தியாவின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. 2001இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் 66 பேரைப் பற்றிய மூளைக்காய்ச்சல் இன்னதென்று அக்காலத்தில் தெளியப்படவில்லை. பெரும்பாலோர்க்கு மருத்துவமனையிலேயே தொற்று ஏற்பட்டது. சேமித்து வைக்கப்பட்ட மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தே அது நிபா என உறுதி செய்தனர். அம்முடிவு 2006இல் வெளியாயிற்று. 2018 மே மாதத்தில் கேரளத்துக் கோழிக்கோட்டில் நோய் தோன்றியபோதோ, ஒரு குடும்பத்தின் இரண்டாவது நோயாளியிடமே ஐயம் எழுந்து, மணிப்பால் வைரஸ் ஆராய்ச்சி நிலையமும் புனேயிலுள்ள தேசிய வைரஸ் இயல் நிறுவனமும் சின்னாட்களில் வைரஸை அடையாளம் கண்டன. அந்நோய் 17 உயிர்களைக் கொண்டதாயினும், தனிமைப்படுத்தலும் தொடர்பாளர்களைக் கண்காணித்தலும் உடனே தொடங்கியமையால் ஓரிரு மாதங்களில் அடங்கிவிட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வைரஸை இனங்காணும் ஆற்றல் நாட்டில் வளர்ந்திருந்தமையே ஆகும்.

சான்றுகளின் தரம்

ஒரு வௌவாலிடம் ஒரு வைரஸ் உள்ளது என்னும் கூற்று பலதரப்பட்டது. செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கருதுவதில்லை. ஆசிரியரும் களப்பணியாளரும் கருதியே ஆகவேண்டும்.

முதற்படி, குருதியில் எதிர்ப்பொருள் காணப்படுவது. அவ்விலங்கோ அதன் தாயோ முன்பு எப்போதோ அவ்வைரஸையேனும் அதன் உறவு வைரஸ் ஒன்றையேனும் சந்தித்திருத்தல் கூடும் என்பதற்கு மேல் இது எதனையும் மெய்ப்பிப்பதில்லை. நாகாலாந்தில் வௌவால் பிடிப்போரிடமும் அவர்கள் பிடித்த வௌவால்களிடமும் எபோலா குடும்பத்து வைரஸ்களோடு வினைபுரியும் எதிர்ப்பொருள்கள் உள்ளன என்று 2019இல் வெளியான ஆய்வு இத்தகையது. அங்கு எபோலா உள்ளது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

இரண்டாம் படி, தொண்டையிலோ மலவாயிலோ பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் வைரஸின் மரபுப்பொருள் துணுக்கு கிடைப்பது. பி.சி.ஆர். என்னும் பெருக்கு முறையால் இது காணப்படுகின்றது. மூன்றாம் படி, முழு மரபுவரிசையும் கிடைப்பது. நான்காம் படி, உயிரணு வளர்ப்பில் உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுப்பது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரே வௌவால் இனத்தில், பல இடங்களில், பல பருவங்களில் அவ்வைரஸ் மீண்டும் மீண்டும் காணப்படும்போதே அவ்வினம் அதன் இயற்கை ஓம்புயிர் என உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறப் பல ஆண்டுகள் ஆகின்றன. சார்ஸ் வைரஸின் உறவினங்கள் குதிரைலாட வௌவால்களிடம் உள்ளன என்பது 2005இல் தெரிந்தது. அத்தகைய வைரஸ் ஒன்றை உயிரோடு பிரித்தெடுத்த செய்தி 2013இலேயே வெளியாயிற்று. 1967இல் அறியப்பட்ட மார்பர்க் வைரஸ், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து உகாண்டாவின் கிடாகா சுரங்கத்து எகிப்திய பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1976இல் அறியப்பட்ட எபோலாவோ இன்னும் இரண்டாம் படியிலேயே நிற்கின்றது. 2005இல் ஆப்பிரிக்கப் பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் அதன் மரபுப்பொருள் துணுக்குகளும் எதிர்ப்பொருள்களும் காணப்பட்டன. உயிருள்ள வைரஸ் எந்த வௌவாலிலிருந்தும் பிரிக்கப்பட்டதில்லை. இவ்வனைத்தையும் 'வௌவாலிடமிருந்து வந்த நோய்கள்' என்று ஒரே மூச்சிற் கூறுவது அறிவியல் ஆகாது.

பெயரும் பிரிவும்

வைரஸ்களுக்குப் பெயரிடுவதற்கென ஓர் அனைத்துலகக் குழு 1966இல் மாஸ்கோவில் நடந்த நுண்ணுயிரியல் மாநாட்டில் அமைக்கப்பட்டது. அனைத்துலக வைரஸ் வகைப்பாட்டுக் குழு என்று இன்று வழங்கப்படுவது அதுவே. தொடக்கத்தில் வைரஸின் வடிவம், அதனுள் உள்ள நியூக்ளிக் அமிலத்தின் வகை, எதிர்ப்பொருள்களோடு அது வினைபுரியும் விதம் ஆகியவை பிரிவுக்கு அடிப்படையாயின. மின்னணு நுண்ணோக்கியில் முடி சூடினாற்போலத் தோன்றியதாற் கொரோனா வைரஸ்கள் அப்பெயர் பெற்றன. இன்றோ மரபுவரிசையே முதன்மை அளவுகோல். வளர்ப்பில் பிரித்தெடுக்கப்படாமல் வரிசையளவில் மட்டும் அறியப்பட்ட வைரஸ்களையும் வகைப்பாட்டில் சேர்க்கலாம் என 2017இல் ஏற்கப்பட்டது. வௌவால் வைரஸ்களின் பட்டியல் திடீரென நீண்டமைக்கு இம்முடிவும் ஒரு காரணமாகும்.

ஹெண்டிரா வைரஸின் பெயர் மாறிய வரலாறு கற்பிக்கத் தக்கது. முதலில் அது தட்டம்மை வைரஸின் உறவாகக் கருதப்பட்டுக் 'குதிரை மார்பிலி வைரஸ்' எனப்பட்டது. மரபுவரிசை முழுதும் தெரிந்தபோது அது அப்பேரினத்தில் அடங்காதது தெளிவாயிற்று. நிபாவும் கிடைத்தபின், இரண்டின் பெயர்களையும் இணைத்து ஹெனிபாவைரஸ் என்னும் புதுப் பேரினம் வகுக்கப்பட்டது. அண்மையில் இருசொற் பெயரிடு முறை வைரஸ்களுக்கும் வந்துள்ளமையால், நிபா வைரஸ் அடங்கும் இனம் இன்று ஹெனிபாவைரஸ் நிபாயென்ஸ் என வழங்கப்படுகின்றது. இங்கு மூன்று பெயர்களைப் பிரித்தறிதல் வேண்டும். நோயின் பெயர் ஒன்று. நோய் தரும் வைரஸின் பெயர் மற்றொன்று. அவ்வைரஸை வைத்து எண்ணும் இனத்தின் பெயர் வேறொன்று. வகுப்பில் இம்மூன்றும் கலந்துவிடுவதே பல மயக்கங்களுக்கு மூலம்.

வகைப்பாடு உறவினைக் காட்டும். கொடுமையினை அளந்து காட்டாது. 2012இல் ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து சீடர் என்னும் வைரஸ் பிரிக்கப்பட்டது. அது ஹெண்டிராவோடும் நிபாவோடும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. உயிரணுக்களுள் நுழைய அவை பயன்படுத்தும் வாயில்களுள் ஒன்றையே தானும் பயன்படுத்துவது. ஆயினும் ஆய்வுக்கூட விலங்குகளில் அது நோய் விளைவிக்கவில்லை. மற்ற இரண்டும் உடலின் எதிர்ப்பைத் தடுக்கப் பயன்படுத்தும் 'வி' என்னும் புரதத்தை ஆக்கும் திறன் அதற்கு இல்லை. ஒரு புதிய வைரஸ் நிபாவின் பேரினத்தைச் சேர்ந்தது என்னும் செய்தி கேட்டவுடன் ஊரே நடுங்க வேண்டுவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஓம்புயிரை அறியாத பட்டியல்

வைரஸை எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆய்வுகள் சில, அது கிடைத்த வௌவாலை 'பழந்தின்னி வௌவால்' என்றோ 'பூச்சியுண்ணி வௌவால்' என்றோ கூறி நின்றுவிடுகின்றன. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. அவற்றுட் பல பயிற்சி பெற்ற கண்ணுக்கும் எளிதில் வேறுபடுவதில்லை.

தென்னிந்தியாவின் சலீம் அலி பழந்தின்னி வௌவால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1948இல் மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மேகமலைப் பகுதியில், ஆங்கிலேய இயற்கை ஆர்வலர் ஹட்டன் அதனைப் பிடித்தார். அவ்வுடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில், எங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலாகக் கருதப்பட்டுப் பேழையில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தொங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, அது புது இனம் மட்டுமன்று, புதுப் பேரினமே என நிறுவினார். உடல் பேழையில் காக்கப்பட்டிருந்தமையாலேயே தவறு திருத்தப்பட்டது. உடலும் இன்றி, இறக்கைத் தோலின் சிறு துண்டும் இன்றி, ஒளிப்படமும் இன்றி, வெறும் பஞ்சுக்குச்சியில் வந்த வைரஸின் ஓம்புயிர் தவறாக எழுதப்பட்டிருப்பின் அதனைத் திருத்துவார் யார்?

ஓம்புயிரை அறிவதன் தேவையை 2018ஆம் ஆண்டின் கேரள நிகழ்ச்சி நன்கு உணர்த்துகின்றது. முதல் நோயாளியின் வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் காணப்பட்டன. அவற்றைப் பிடித்துச் சோதித்ததில் நிபா இல்லை என முடிவு வந்தது. 'வௌவால் குற்றமற்றது' என்று அன்று பரவலாகச் செய்தி பரவிற்று. உண்மையில் அவை பூச்சியுண்ணி வௌவால்கள். நிபாவை நாட வேண்டிய இடம் அதுவன்று. பின்னர் அவ்வட்டாரத்துப் பெரும் பழந்தின்னி வௌவால்கள் 52ஐச் சோதித்தபோது பத்தில் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. மனிதரிடம் கிடைத்த வைரஸோடு அது மிக நெருங்கியும் இருந்தது. முதற் சோதனையில் ஆய்வுக்கூடம் பிழை செய்யவில்லை. எவ்வினத்தைப் பிடிப்பது என்னும் களமுடிவே விடையை மாற்றிவிட்டது.

இந்தியாவில் இத்தேடல் புதியதும் அன்று. 1952இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்ட நிறுவனமே இன்றைய தேசிய வைரஸ் இயல் நிறுவனம். 1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகாக் காடுகளில் குரங்குகளும் மனிதரும் மடிந்தபோது அந்நிறுவனத்தார் கியாசனூர் காட்டுநோயின் வைரஸைக் கண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின் அதே வைரஸ் பூச்சியுண்ணும் குதிரைலாட வௌவாலிடமும் உண்ணியிடமும் கிடைத்ததாக அறிவித்தனர். மகாபலேசுவரத்துக் குகை வௌவால்களிடமிருந்து மால்சூர் என்னும் புது வைரஸும் அந்நிறுவனத்தாராலேயே காணப்பட்டு 2014இல் விவரிக்கப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வில், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இமாசலப் பிரதேசம் ஆகிய இடங்களின் பழந்தின்னி வௌவால்களிடம் கொரோனா வைரஸ்கள் இருப்பதையும் காட்டினர். அவை கோவிட் நோயின் வைரஸ் அல்ல என்பது அப்போது பலராற் கவனிக்கப்படாது போயிற்று.

பட்டியலால் முன்னறிய இயலுமா?

உலகின் வைரஸ்கள் அனைத்தையும் முன்கூட்டியே கண்டுவைத்தால், அவற்றுள் தீயவற்றைப் பிரித்து எச்சரிக்கை பெறலாம் என்பது ஒரு சாராரின் கொள்கை. இதனைக் கருதி அமெரிக்க அரசின் பொருளுதவியோடு 2009 முதல் 2020 வரை நடந்த 'பிரெடிக்ட்' திட்டம், பல நாடுகளில் விலங்குகளிடமிருந்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வைரஸ்களைக் கண்டது. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இன்னும் அறியப்படாதவை ஏறத்தாழ 16 இலட்சத்துக்கு மேல் இருத்தல் கூடும் என்று 2018இல் ஒரு மதிப்பீடும் வெளியாயிற்று. அதே ஆண்டில் எட்வர்டு ஹோம்ஸ் முதலிய வைரஸ் இயலார் மூவர் மாறுபட்ட கருத்தை வெளியிட்டனர். வைரஸ் வரிசையை மட்டும் கொண்டு எது மனிதரிடைப் பரவும் என முன்னறிய இயலாது; மனிதரும் விலங்கும் நெருங்கும் இடங்களில் மனிதரைக் கண்காணிப்பதே தக்கது என்பது அவர் தம் கருத்து.

பின்னர் நிகழ்ந்தவை இரண்டாம் கருத்துக்கே பெரிதும் வலுவூட்டின. 2019இன் இறுதியில் தோன்றிய கோவிட் வைரஸ் அதற்கு முன் வெளியான எப்பட்டியலிலும் இடம்பெற்றிருந்ததில்லை. அதன் மிக நெருங்கிய உறவுகளாகச் சீனத்து யுன்னானிலும் லாவோசிலும் வௌவால்களிடம் கண்டவை ஏறத்தாழ 96 முதல் 97 விழுக்காடு ஒப்புமை உடையவை. எஞ்சிய வேறுபாடு பல பத்தாண்டுப் பிரிவைக் காட்டுவது. அவ்வைரஸ் மனிதரை எவ்வழியில் அடைந்தது என்பது அனைவரும் ஒப்பும் வகையில் இன்னும் முடிவாகவில்லை.

தேடலே தீங்கு என்போரும் உளர். குகைகளிற் புகுந்து மாதிரி எடுப்பதும், அறியாத வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதுமே ஆபத்தை விளைவிக்கும் என அவர்கள் அஞ்சுகின்றனர். 2021இல் அமெரிக்காவில் தொடங்கிய மற்றொரு பெரிய தேடல் திட்டம் இத்தகைய விவாதங்களுக்கிடையே 2023இல் கைவிடப்பட்டது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் கூடாது. அதற்காகத் தேடலையே விட்டுவிடுதலும் பொருந்தாது. ஹெண்டிராவை அறியாதிருந்தால் நிபாவை அறிய இன்னும் எத்துணைக் காலம் ஆகியிருக்கும் என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிக்கையை நோக்கமாகக் கொண்ட தேடலைக் குறைத்து, விளக்கத்தை நோக்கமாகக் கொண்ட தேடலை வளர்ப்பதே நடுநிலையான வழி.

அத்தகைய தேடலின் பயனுக்கு இரண்டு சான்றுகள் உண்டு. வங்காளதேசத்தில் ஏறத்தாழ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நிபா தோன்றுவது ஏன் என ஆராய்ந்தோர், ஈச்சமரத்துப் பதநீரைப் பச்சையாகப் பருகுவதோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் கண்டனர். இருளிலும் படம்பிடிக்கும் கருவிகளை மரத்தில் பொருத்தியபோது, வௌவால்கள் சீவிய இடத்தை நக்குவதும் கலயத்தை மாசுபடுத்துவதும் பதிவாயின. மூங்கிற் தட்டியால் அவ்விடத்தை மூடினால் வௌவால் அணுகாது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு வௌவாலையும் கொல்லாமல், பெரும்பொருள் செலவழிக்காமல் செய்யத்தக்க காப்பு இது.

மற்றொன்று ஆஸ்திரேலியாவில் இருபத்தைந்து ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு. குளிர்காலத்தில் தேன் தரும் காட்டு மரங்கள் அழிக்கப்பட்டமையால் உணவின்றி வாடிய வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து, பண்ணைகளையும் ஊர்ப்புறத் தோட்டங்களையும் நாடின. அக்காலங்களிலேயே ஹெண்டிரா குதிரைகளுக்குத் தாவியது. எஞ்சிய காடுகள் குளிர்காலத்திற் பெருமளவில் பூத்த ஆண்டுகளில் வௌவால்கள் அங்கே திரும்பிச் சென்றன; நோய்த் தாவலும் நின்றது. வைரஸின் வரிசையை எத்துணை முறை படித்தாலும் இவ்வுண்மை அதில் எழுதப்பட்டிராது. வௌவால் எங்குத் தங்குகின்றது, எதனை உண்கின்றது, எப்போது ஈனுகின்றது என ஆண்டுக்கணக்கிற் குறித்து வைத்தவர்களாலேயே இது வெளிப்பட்டது.

அச்சமும் அழிப்பும்

வைரஸ் கண்டோம் என்னும் செய்தி எச்சரிக்கையின்றி வெளியாகும்போது அதற்குரிய விலையை வௌவால்களும் மரங்களும் கொடுக்கின்றன. தங்கிடமான ஆலும் அரசும் வெட்டப்படுகின்றன, குகைவாயில் புகையிடப்படுகின்றது. இதனால் நன்மை உண்டா என்பதற்கு உகாண்டா விடை கூறும். மார்பர்க் நோய் கண்ட கிடாகா சுரங்கத்தில் வௌவால்கள் முற்றும் அழிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் புதியவை வந்து குடியேறின. 2012இல் அவற்றைச் சோதித்தபோது, முன்னர் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த தொற்று 13 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே அருகிலிருந்த ஊரில் மனிதரிடமும் மார்பர்க் தோன்றிற்று. எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த முதிய வௌவால்கள் நீங்கியமையால், எதிர்ப்பற்ற இளையவற்றிடை வைரஸ் எளிதிற் பரவியதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது.

வௌவாலே வைரஸின் களஞ்சியம் என்னும் பேச்சும் அளவு மீறியது. பாலூட்டி இனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். ஒரு விலங்குக் குழுவில் இனங்கள் மிகுதியாயின், மனிதருக்குத் தொற்றும் வைரஸ்களும் அதற்கேற்ப மிகுதியாகும் என்றும், இவ்வகையில் வௌவால்கள் தனித்து நிற்கவில்லை என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. வைரஸோடு நோயின்றி வாழும் அவற்றின் உடலியல் வியப்புக்குரியது. அதனைக் கற்பது மருத்துவத்துக்கும் பயன்படும். மலர்களை மகரந்தம் சேர்க்கச் செய்வதும், விதைகளைத் தொலைவிற் பரப்புவதும், பயிரைத் தின்னும் பூச்சிகளை இரவெல்லாம் உண்டு குறைப்பதும் அவற்றின் அன்றாடப் பணி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இன் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. சட்டம் திருந்திய அளவுக்கு மக்கள் மனமும் திருந்துதல் வேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, ஒருமுறை சென்று பிடித்துத் திரும்பும் பயணங்களைக் குறைத்து, குறிப்பிட்ட சில தங்கிடங்களை ஆண்டு முழுவதும், பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கும் முறை வளர்தல் வேண்டும். வங்காளதேசத்தில் ஆறு ஆண்டுகள் நடந்த ஆய்வில், வௌவால் கூட்டத்தின் எதிர்ப்பாற்றல் உயர்ந்தும் தாழ்ந்தும் வருவதற்கேற்ப நிபா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவது புலனாயிற்று. ஒரே நாள் வலைவீச்சில் 'இல்லை' என வந்த விடை, அன்று இல்லை என்பதற்கு மேல் எதனையும் கூறாது. மரத்தடியில் தாள் விரித்துச் சிறுநீர் சேர்ப்பது போன்ற முறைகள் வௌவாலைத் தொடாமலே தொடர்நோக்குக்கு உதவுவன.

இரண்டாவதாக, ஒவ்வொரு மாதிரியோடும் வௌவாலின் இனம், இடம், நாள், பால், வயது, சினை அல்லது பாலூட்டும் நிலை ஆகியவை எழுதப்படல் வேண்டும். இனத்தை உறுதிசெய்ய இறக்கைத்தோல் துண்டும் ஒளிப்படமும் காக்கப்படல் வேண்டும். இறந்து கிடைத்த உடல்களை இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறை போன்ற நிலையங்களிற் சேர்ப்பித்தல் நன்று. இவ்வேடு இல்லாத வரிசை, முகவரி இல்லாத கடிதம் போன்றதே.

மூன்றாவதாக, காட்டுத் துறையின் குறிப்பும் கால்நடைத் துறையின் குறிப்பும் மருத்துவத் துறையின் குறிப்பும் ஓரிடத்திற் கூடுதல் வேண்டும். காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் ஒவ்வொன்றும் வட்டார ஆய்வுக்கூடங்களில் முறையாகச் சோதிக்கப்படல் வேண்டும். பட்டியலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்கு மாறினாலும் பயன் பெரிது.

நான்காவதாக, களப்பணியாளரின் காப்பு. வெறிநாய்க்கடி நோயின் உறவு வைரஸ்கள் வௌவால்களிடம் உண்டு. இலங்கையின் பழந்தின்னி வௌவால்களிடம் கண்ட கன்னொருவ வைரஸ் அவற்றுள் ஒன்று. ஆதலின் வௌவாலைக் கையாள்வோர்க்கு முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் கட்டாயமாதல் வேண்டும். கையுறையும் முகமூடியும் வலையைவிட முதலில் வழங்கப்பட வேண்டியவை. மாதிரி வந்தால் போதும், எடுப்போர் நலம் பின்னர் என்னும் மனப்பான்மை பொறுக்கத் தக்கதன்று.

ஆசிரியர்க்கு உரிய பணி எளியது, ஆயினும் பெரிது. பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை உண்ணலாகாது, விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது, தங்கிடத்தின் கீழே திறந்த பாத்திரங்களை வைக்கலாகாது, தங்கிடத்தைக் கலைக்கலாகாது என்னும் நான்கு விதிகளை மாணவர் மனத்திற் பதித்தால் போதும். ஊரில் எம்மரத்தில் வௌவால்கள் தங்குகின்றன, எப்பருவத்தில் வருகின்றன, எப்போது குட்டிகள் காணப்படுகின்றன எனப் பள்ளி ஏட்டிற் குறித்து வருவது மாணவர்க்கு நற்பயிற்சி. தொலைவில் நின்று நோக்கும் அக்குறிப்புகள் ஆய்வாளர்க்கும் பயன்படும்.

வௌவால் வைரஸ்களைத் தேடுவதும் வகுப்பதும் தொடர்ந்து நடைபெற வேண்டிய பணிகளே. ஆயின் அப்பணியின் சிறப்பு, ஆண்டு முடிவில் எத்தனை புதுப்பெயர்கள் சேர்ந்தன என்னும் எண்ணிக்கையால் அளக்கப்படலாகாது. ஒவ்வொரு பெயரின் பின்னும் எவ்வினம், எவ்விடம், எப்பருவம், மனிதரோடு எவ்வகைத் தொடர்பு என்னும் வினாக்களுக்கு எத்துணை விடை கிடைத்தது என்பதே அளவுகோலாதல் வேண்டும். அவ்விடைகளைத் தரவல்லோர் தங்கிடங்களுக்கு அருகில் நாள்தோறும் பணிபுரியும் களப்பணியாளர்களே. அவர்கள் எழுதும் குறிப்பேட்டுக்கு ஆய்வுக்கூடத்து வரிசைக்கு ஒத்த மதிப்புக் கிடைக்கும் நாளில், இத்தேடல் மக்களைக் காக்கும் தேடலாக முழுமை பெறும்.